64 துப்பாக்கிகளில் எது இருக்கட்டும், எது போகட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பெரிய துப்பாக்கித் தொகுப்பைக் குறைக்க நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் கேட்பது, "இது இன்னைக்கு என்ன விலைக்குப் போகும்?" என்றுதான். இங்கே சொல்லப்போகும் நிகழ்வில் அந்தக் கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளினோம். விலையை முன்னால் வைத்துக்கொண்டு பிரித்தால், நல்ல விலைக்குப் போகிறவை எல்லாம் போய், யாருக்கும் வேண்டாதவை கையில் மிஞ்சும். அல்லது விலை உயர்ந்தவற்றைப் பிரிய மனமில்லாமல், தினமும் கையில் எடுக்கிறவற்றை விற்றுவிடுவோம். எதை விற்பது என்பதை விலை முடிவு செய்யக் கூடாது, எப்படி விற்பது என்பதை மட்டும் முடிவு செய்யட்டும் என்பதுதான் என் நிலை. ஒரு இடத்தில் மட்டும் இது எடுபடவில்லை. அதையும் சொல்கிறேன்.

பின்னணி

உரிமையாளருக்கு வயது 71. இயந்திரப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 40 ஆண்டுகளுக்கு மேலாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். வேட்டை, இலக்குச் சுடுதல், பழைய ராணுவத் துப்பாக்கிகள் என்று மூன்று ஆசைகள். அந்தந்தக் காலத்தில் எந்த ஆசை மேலோங்கி இருந்ததோ அந்தப் பக்கம் தொகுப்பு வளர்ந்திருக்கிறது. குறைக்க வேண்டி வந்ததற்கு இரண்டு காரணங்கள். சிறிய வீட்டுக்கு மாறுகிறார். வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, கனமான பின்னுதைப்பை இனி தாங்க முடியாது.

என் பங்கு பட்டியல் போடுவதும், முடிவெடுக்கக் கூட இருப்பதும் மட்டும். நான் எதையும் வாங்கவில்லை, விற்றுக் கொடுத்துக் கமிஷனும் எடுக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மதிப்பிடுகிறவரே வாங்குகிறவராகவும் இருக்கும் ஏற்பாட்டில் பல தொகுப்புகள் பாதி விலைக்குப் போயிருக்கின்றன. மதிப்பிடும் ஆளுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவது நல்லது.

புது வீட்டில் ஒரே ஒரு இரும்புப் பெட்டகம்தான் வைக்க இடம். அதன் விளம்பரத்தில் 40 துப்பாக்கி பிடிக்கும் என்று போட்டிருந்தது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடி இல்லாமல், ஒன்றோடு ஒன்று உரசினாலும் பரவாயில்லை என்று நட்டுக்குத்தாக நிறுத்தினால் பிடிக்கும்தான். ஸ்கோப் போட்ட ரைஃபிள்களை மாட்டிப் பார்த்தபோது 20க்கு மேல் போனாலே கட்டைகள் (தோளில் சாய்க்கும் மரப்பகுதி) இடித்தன. எனவே நீளத் துப்பாக்கிகள் 20, மேல்தட்டில் கைத்துப்பாக்கிகள் சில என்று எல்லை தானாகவே அமைந்தது. இது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. எல்லை இல்லாத இடத்தில் யாரும் எதையும் விற்பதில்லை.

பட்டியல்

"ஐம்பது சொச்சம் இருக்கும்" என்றார். எண்ணியபோது 64 இருந்தது. .22 வகை (சிறிய தோட்டா சுடுபவை) 9, வேட்டை ரைஃபிள் 17, ஷாட்கன் (சிறு குண்டுகளைச் சிதறிச் சுடுபவை) 12, ராணுவ ரைஃபிள் 16, ரிவால்வரும் பிஸ்டலுமாக 10.

ஒவ்வொன்றையும் எடுத்தவுடன் முதல் வேலை, தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. அதிலும் சேம்பரை (சுடும்போது தோட்டா அமரும் அறை) மட்டும் பார்த்தால் போதாது. குழலுக்குக் கீழே நீளமான குழாய் மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் இடம்) உள்ள ஒரு .22-இல், உட்குழாயை வெளியே இழுத்துச் சாய்த்தபோது ஒரு தோட்டா உருண்டு வந்தது. போல்ட்டை நாலைந்து முறை இழுத்துப் பார்த்து, "காலி" என்று அவர் நீட்டிய துப்பாக்கி அது. ஸ்ப்ரிங் அழுக்கேறி இறுகியிருந்ததால் அந்தத் தோட்டா மேலே ஏறாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது.

பிறகு வரிசை எண், தயாரிப்பாளர் முத்திரை, சேம்பர் அளவு, குழலின் உள்புறம், கட்டையில் விரிசல், மாற்றப்பட்ட பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கப் படம், எண்ணின் நெருக்கப் படம். இந்த வேலையை அலுப்பென்று தாண்டிவிடக் கூடாது. பின்னால் எடுத்த முடிவுகளில் பாதி இதிலிருந்துதான் பிறந்தன.

சேமித்து வைத்த முறையும் இதில் வெளிப்பட்டது. தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்த ஒரு ரிவால்வரில், உறை தொட்ட இடமெல்லாம் பொடிப் பொடியாகத் துருக்குழி. தோலைப் பதப்படுத்தும் உப்புகள் ஈரத்தை இழுக்கும். ஸ்பாஞ்ச் பதித்த பயணப் பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒரு ஷாட்கனுக்கும் அதே கதி. பெட்டி பயணத்துக்குத்தான், குடியிருக்க அல்ல. பெட்டகத்துக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் இரும்பும் பிழைக்கும், மரமும் வெடிக்காது.

முதல் சுற்று

விலை எதையும் பார்க்காமல், ஒவ்வொன்றையும் கையில் கொடுத்து மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். இருக்கணும், போகட்டும், தெரியல. முடிவில் "இருக்கணும்" 41, "போகட்டும்" 9, "தெரியல" 14. 20 இடத்துக்கு 41 பேர்.

கூட உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த அவர் மகள், "அப்பா, எதைக் கையில எடுத்தாலும் ஒரு கதை வச்சிருக்கீங்க" என்றார். அது சரிதான். எல்லாவற்றுக்கும் கதை இருந்தால், பிரிப்பதற்குக் கதை உதவாது.

இரண்டாம் சுற்றில் கேள்வியை மாற்றினோம். "இது இன்று உங்களிடம் இல்லை. கடையில் இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது. வாங்குவீர்களா?" இந்தக் கேள்விக்குக் கதை சொல்லித் தப்ப முடியாது. யார் கொடுத்தது, எந்த ஆண்டு வாங்கியது என்பதெல்லாம் கடையில் நிற்கும் துப்பாக்கிக்குப் பொருந்தாது. 41-இல் 27 மட்டும் தேறியது. "தெரியல" குவியலில் இருந்து இரண்டு மேலே வந்தன, மற்றவை தாமாகவே விற்பனைப் பக்கம் நகர்ந்தன. 29-ஐ இன்னும் குறைக்க வேண்டும். ஆனால் இப்போது பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

தோட்டா வகைகளின் கணக்கு

துப்பாக்கி ஒன்று கூடினால் பெட்டகத்தில் ஓர் இடம் போகிறது. தோட்டா வகை ஒன்று கூடினால் அலமாரியில் ஒரு தட்டே போகிறது. வெற்றுக் கூடுகள், மறுநிரப்பும் அச்சுகள், குண்டுகள், குறிப்பு நோட்டு என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு குடும்பம். இவரிடம் .22-இல் தொடங்கி .375 எச் அண்ட் எச் வரை, ஷாட்கன் கேஜ்களையும் (குழல் அளவுகள்) சேர்த்து, 29 வகைகள் இருந்தன. .264 வின்செஸ்டர் மேக்னம், .284 வின்செஸ்டர், .225 வின்செஸ்டர், .35 ரெமிங்டன் என்று கடையில் போய்க் கேட்டால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதவையும் அதில் அடக்கம்.

ஒரு வகைக்கு ஒரே துப்பாக்கி, அதையும் சில ஆண்டுகளாகச் சுடவில்லை என்றால், அது போகட்டும் என்று ஒரு விதி வைத்தோம். போகும்போது அதற்கான அச்சுகளும் கூடுகளும் சேர்ந்தே போக வேண்டும். அரிதான அளவுள்ள ரைஃபிளை வாங்குகிறவருக்கு, கூடவே இருநூறு கூடுகளும் அச்சும் வருகிறது என்றால் தயக்கம் போய்விடும். தனியாக வைத்திருந்தால் அந்த அச்சுக்கு நம்மிடம் வேலையே இல்லை.

1912-இல் வந்த .375 எச் அண்ட் எச் பெரிய விலங்கு வேட்டைக்கான தோட்டா. தோள் அறுவைக்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே முதல் ஆளாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

உப்பு ஏறிய கட்டை

இந்தத் தொகுப்பில் அதிக நேரம் எடுத்தது ஒரு பிரவுனிங் போல்ட் ரைஃபிள். பெல்ஜியத்தில் எஃப்.என். ஆலையில் செய்தது, 30-06 தோட்டா சுடுவது. பார்க்கப் புதிது மாதிரி இருந்தது. ப்ளூயிங் (இரும்பின் கருநீல மேற்பூச்சு) ஆழமான கறுப்பு, கட்டை தேன் நிற வால்நட், ஒரு கீறல் இல்லை. அவர் கண்ணுக்கு அதுதான் தொகுப்பிலேயே மிகச் சுத்தமான ரைஃபிள். "இருக்கணும்" குவியலில் உச்சியில் இருந்தது.

தயாரித்த காலம் 1960களின் பிற்பகுதி என்று எண்ணிலிருந்து தெரிந்ததும் நான் திருப்புளியைக் கேட்டேன். அந்தக் காலத்திலும் 1970களின் தொடக்கத்திலும் பிரவுனிங்குக்குப் போன வால்நட் மரத்தில் ஒரு பகுதி, சீக்கிரம் உலர வேண்டும் என்று உப்பில் பதப்படுத்தப்பட்டது. அந்த உப்பு மரத்துக்குள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, மரம் தொடுகிற இரும்பை உள்ளிருந்து அரிக்கும். வெளியே எதுவும் தெரியாது. எல்லாக் கட்டையிலும் இது இல்லை, அதனால் ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கட்டையின் பின் முனையில் உள்ள தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினோம். முதலாவது வெளியே வரும்போதே நறநறத்தது. மரத்துக்குள் இருந்த பகுதி முழுக்கச் செம்பழுப்புத் துரு, மரையின் முனைகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. தகட்டுக்கு அடியில் வார்னிஷ் படாத வெற்று மரத்தில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் விட்டோம். உப்பு இருந்தால் அது பால் போல வெளுக்கும். வெளுத்தது. ரிசீவரை (போல்ட் ஓடும் இரும்பு உடல்) கட்டையிலிருந்து தூக்கியபோது, வெளியே தெரியும் கோட்டுக்கு மேலே கண்ணாடிக் கறுப்பு, கோட்டுக்குக் கீழே புள்ளி புள்ளியாக அரிப்பு.

இப்போது என்ன செய்வது? கட்டையை மாற்றி, அரிப்பைச் சுத்தம் செய்தால் சுடுவதற்கு நல்ல ரைஃபிள்தான். அப்படிச் செலவழித்து வைத்துக்கொள்ளத் தோன்றுகிறதா என்று கேட்டேன். அதே 30-06-இல் இன்னொரு ரைஃபிள் இருக்கும்போது எதற்கு என்றார். அப்போது விற்பதுதான் வழி. ஆனால் வாங்குகிறவரிடம் மறைத்து விற்க முடியாது, விற்கவும் கூடாது. வெள்ளி நைட்ரேட் வெளுத்த படம், ஸ்க்ரூவின் படம் எல்லாவற்றையும் சேர்த்து, "கட்டை மாற்ற வேண்டும்" என்று எழுதியே விற்றார். குறைந்த விலைதான். துப்பாக்கிக்கு மறுகட்டை போடும் வேலை தெரிந்த ஒருவர் வாங்கினார், இரண்டு பக்கமும் திருப்தி.

கெட்டுப்போனதால் தங்கியது

அவரிடம் இருந்த இன்னொரு 30-06, 1964க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70. 1936-இல் வந்த இந்த ரைஃபிளின் வடிவமைப்பை 1964-இல் வின்செஸ்டர் செலவு குறைக்க மாற்றியது. அதற்கு முந்தையவற்றில், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் நீளமான பக்க எக்ஸ்ட்ராக்டர் நகம், மேகசினில் இருந்து தோட்டா மேலே எழும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டை மெதுவாகத் தள்ளினாலும், துப்பாக்கி சாய்ந்திருந்தாலும், தோட்டா நழுவாது. சேகரிப்பவர்கள் இதைத் தேடி அலைகிறார்கள்.

ஆனால் இந்த மாடல் 70-ஐ முன்பு வைத்திருந்தவர், ரிசீவரின் இடப்பக்கத்தில் பக்கவாட்டு ஸ்கோப் தாங்கிக்காக மூன்று துளை போட்டிருந்தார். கட்டையின் முனையை வெட்டி ரப்பர் திண்டும் ஒட்டியிருந்தார். சேகரிப்பாளர் பார்வையில் இரண்டுமே மீளாத சேதம். துளையை அடைத்தாலும் தடம் தெரியும், வெட்டிய மரம் வளராது. சந்தை விலையில் பெரும்பகுதி அந்த மூன்று துளை வழியாக வெளியே போய்விட்டது.

ஆக இதை விற்றால் வரும் பணம், இது தரும் பயனுக்குப் பக்கத்திலேயே வராது. நகம் இன்னும் அதே வேலையைச் செய்கிறது, குழல் நன்றாக இருக்கிறது, ரப்பர் திண்டு அவர் தோளுக்கு உதவியாகவே இருக்கிறது. தோட்டாவில் குறைந்த வெடிமருந்து போட்டு நிரப்பினால் சுகமாகச் சுடலாம். மழையில் எடுத்துப்போகப் பயமில்லை. அழகான பிரவுனிங் போயிற்று, அடிபட்ட வின்செஸ்டர் தங்கிற்று. விலைப் பட்டியலை முதலில் திறந்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டோம்.

ராணுவத் துப்பாக்கிகள்

இங்கே 16 இருந்தன. நான்கு ரஷ்ய மொசின்-நாகன்ட் 91/30. போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் பழுது பார்த்து, அரக்கு பூசி, ஒட்டாத பாகங்களில் பழைய எண்ணை அழித்துப் புது எண் குத்தி வைத்தவை. ஒன்றுக்கு மட்டும் 1930களின் நடுவில் கைவிடப்பட்ட எண்கோண ரிசீவர். மற்ற மூன்றும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்று மாதிரியே. அவற்றில் ஒன்றின் குழலில் உள்புறம் மங்கி உறைபனி படிந்தாற்போல் இருந்தது. பழைய ராணுவத் தோட்டாக்களின் ப்ரைமர் (பற்றவைக்கும் மருந்து) சுட்ட பிறகு குழலில் உப்பை விட்டுப்போகும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். யாரோ ஒருவர் எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்திருக்கிறார். நான்கும் போயின.

செஞ்சேனை கைப்பற்றிப் பழுது பார்த்த இரண்டு ஜெர்மன் மவுசர் கே98கே, அவற்றோடு சோவியத் வடிவமைப்பான எஸ்.கே.எஸ். ஒன்று. இவையும் போயின. 1936-இல் அமெரிக்க ராணுவத்தில் ஏற்கப்பட்ட எம்1 காரண்ட் தங்கியது. அதில் பாகங்கள் எல்லாம் வெவ்வேறு காலத்தவை. காரண்டுக்கு அது குறையே இல்லை, ராணுவப் பட்டறைகளில் திரும்பத் திரும்பப் பிரித்துக் கோர்த்தவைதான் பெரும்பாலும். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-உம் தங்கியது. போல்ட்டிலும் ரிசீவரிலும் ஒரே எண் இருந்தது அதற்குக் கூடுதல் பலம்.

அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ஒன்று இருந்தது, வரிசை எண் 8 லட்சத்துக்குக் கீழே. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் 8 லட்சத்துக்கும், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507க்கும் கீழான எண்ணுள்ள ரிசீவர்கள் வெப்பப் பதப்படுத்தலில் குறைபட்டவை, நொறுங்கக் கூடியவை என்பதால் சுட வேண்டாம் என்பது பழைய எச்சரிக்கை. இவருக்கு அது தெரியும், சுட்டதில்லை. சுடாத துப்பாக்கிக்கு 20 இடத்தில் ஓர் இடம் கொடுப்பதா? ஆனால் இது திருத்தப்படாத அசல் நிலையில் இருந்ததால் சேகரிப்பாளர்களுக்கு அருமையான பொருள். சுடக் கூடாது என்று கையெழுத்திட்ட குறிப்போடு ஏலத்துக்குப் போனது.

உண்மையான வாக்குவாதம் ஆறு ஸ்வீடிஷ் மவுசர்களில் வந்தது. எம்/94 கார்பைன் (குட்டை ரைஃபிள்), மூன்று தயாரிப்பாளர்களின் எம்/96 (ஓபர்ன்டார்ஃப் மவுசர், கார்ல் குஸ்தாஃப், ஹுஸ்க்வார்னா), குட்டையான எம்/38, ஸ்கோப் வைத்த எம்/41. ஆறும் 6.5×55. இடக் கணக்கில் பார்த்தால் ஒரே தோட்டா சுடும் ஆறு ரைஃபிள் அபத்தம். இரண்டு போதும் என்று நானும் சொன்னேன்.

அவர் ஓர் எம்/96-இன் கட்டையில் பதித்த பித்தளை வட்டைக் காட்டினார். மூன்று பிரிவாகக் கோடிட்ட சிறிய தகடு. ஒரு பிரிவில் குழலின் விட்டம், இன்னொன்றில் குழலின் உள் நிலைக்கான தர எண், மூன்றாவதில் புதிய கூர்முனைத் தோட்டாவுக்குக் குறி எவ்வளவு மேலே கீழே போகும் என்பது. ராணுவப் பட்டறைக்காரர் அளந்து பார்த்துக் குத்தியது. ஒவ்வொரு ரைஃபிளின் தகட்டையும் அவர் தன் அளவுமானியால் மறுபடி அளந்து நோட்டுப் போட்டிருந்தார். குண்டின் எடையை மாற்றி மாற்றிச் சுட்டு எழுதிய பக்கங்களும் அதில் இருந்தன. மற்ற 58-ஐப் பற்றி இப்படி ஒரு வரி கூட இல்லை. மற்றவை அவர் வாங்கியவை, இவை அவர் படித்தவை. ஆறும் தங்கட்டும் என்று எழுதிவிட்டேன். எம்/38-க்காக இன்னும் மனதுக்குள் முணுமுணுக்கிறேன் என்பது வேறு. கூடவே 6.5×55-இன் உதைப்பு மிதமானது, தோளுக்கும் ஒத்துவரும்.

லூகரும் பைத்தனும்

கைத்துப்பாக்கிகளில் அவர் அதிக நம்பிக்கை வைத்திருந்தது முதல் உலகப் போர்க் கால ஜெர்மன் பிஸ்டலான லூகர் பி08 மேல். பளபளவென்று இருந்தது. அதுதான் சிக்கல். அந்தக் காலத்து லூகரில் ட்ரிகர், பூட்டு நெம்பு போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சள் நிறத்தில் இருக்கும். இதில் எல்லாமே கருநீலம். முத்திரைகளின் ஓரம் மழுங்கியிருந்தது, துளைகளின் விளிம்பு உள்வாங்கிக் கிண்ணம் போல் ஆகியிருந்தது. யாரோ பாலிஷ் போட்டு முழுசாக மறுபூச்சு பூசியிருக்கிறார்கள். லூகரின் சிறு பாகங்களில் கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். இதில் மேலே மடங்கும் கணுவின் எண் ஒட்டவில்லை. சுட நன்றாக இருக்கும், சேகரிப்பு மதிப்பு மிகக் குறைவு. செய்தி அவருக்குக் கசந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே "சுட்டும் பார்த்ததில்ல, வச்சு என்ன செய்ய" என்று விற்பனைப் பக்கம் தள்ளினார். பெருமை போனதும் பிடிப்பும் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றியது.

நேர்மாறு, கோல்ட் பைத்தன் ரிவால்வர். 1955-இல் வந்த வரிசை, கையால் பொருத்தி, கண்ணாடி மாதிரி மெருகேற்றிய ப்ளூயிங். இவருடையது அசல் பெட்டி, காகிதங்களோடு, கிட்டத்தட்ட சுடப்படாதது. இரண்டாம் கேள்விக்கு அவர் தயங்காமல் "வாங்குவேன்" என்றார். என் விதிப்படி அது தங்க வேண்டும். ஆனால் அதை ஏன் சுடுவதில்லை என்று கேட்டால், "சிலிண்டரைச் சுத்தி ஒரு கோடு விழுந்தாலும் போச்சு" என்கிறார். சுட்டது எல்லாம் அதே .357 மேக்னம் தோட்டா சுடும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ரிவால்வரை. அதில் ப்ளூயிங் தேய்ந்து வெள்ளி தெரிகிறது, அவர் கையின் வடிவமே அதில் படிந்திருக்கிறது.

இந்த ஓர் இடத்தில் விலையைத் திறந்து காட்டினேன். பைத்தனுக்கு வரக்கூடிய தொகை, விற்பனைக்கு ஒதுக்கிய .22-கள் எல்லாவற்றையும் விட அதிகம். கோல்ட் 2020-இல் பைத்தனை மறுபடி தயாரிக்கத் தொடங்கியதால், சுட ஆசை என்றால் புதிதாக ஒன்று வாங்கிக் கவலையில்லாமல் சுடலாம். அவர் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் பெட்டியோடு எடுத்து விற்பனைப் பக்கம் வைத்தார். ஒரு பொருளின் விலையே அதைப் பயன்படுத்தத் தடையாகிவிட்டால், அங்கே விலைக்கும் ஓர் ஓட்டு கொடுக்கத்தான் வேண்டும்.

ஷாட்கன்கள்

இதில் தோள்தான் நீதிபதி. எடை குறைந்த 12 கேஜ் இரட்டைக்குழல்கள் போயின. வாயு அழுத்தத்தில் இயங்கும் ரெமிங்டன் 1100 தங்கியது, உதைப்பு மெத்தென்று இருக்கும். பிரவுனிங் ஆட்டோ-5 ஒன்று மட்டும் தங்கியது. அதன் மேகசின் குழாயில் உள்ள உராய்வு வளையங்கள் கனமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி அடுக்கப்பட வேண்டும். இதில் லேசானதற்கு அடுக்கிவிட்டுக் கனமான தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். "இது பயங்கரமா உதைக்கும்" என்ற அவர் புகாருக்கு அதுவே காரணம். மாற்றி அடுக்கிய பிறகு குறைந்தது.

பிரவுனிங் சுப்பர்போஸ்ட் (ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் உள்ளது) ஒன்று நல்ல விலைக்குப் போனது. அதுவும் பெல்ஜியத்தது என்பதால் முன்பே கட்டையைச் சோதித்துவிட்டோம், உப்பில்லை. டமாஸ்கஸ் குழல் (பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்தது) போட்ட பழைய இரட்டைக்குழல் அவர் அக்கா மகனுக்கு, சுவரில் மாட்ட மட்டும் என்ற நிபந்தனையோடு.

விற்ற விதம்

கடைசிக் கணக்கு: தங்கியது 23, குடும்பத்துக்குப் போனது 5, விற்றது 36. தங்கியவற்றில் நீளமானவை 20, கைத்துப்பாக்கிகள் 3.

விலை இப்போதுதான் முழுமையாக மேசைக்கு வந்தது. கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையை மட்டும் எடுத்தோம். மூன்று வழிகள். எங்கும் கிடைக்கும் சாதாரண ரகங்கள் உரிமம் பெற்ற வியாபாரிக்கு மொத்தமாக. அவர் மறுபடி விற்று லாபம் பார்க்க வேண்டும் என்பதால் விலை குறையும், ஆனால் ஒரே நாளில் முடியும். நடுத்தரமானவை வியாபாரியிடம் கமிஷனுக்கு விற்கக் கொடுப்பது. பைத்தன், ஸ்பிரிங்ஃபீல்ட், சுப்பர்போஸ்ட் போன்றவை ஏலம். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஐந்தே ஐந்து துப்பாக்கிகளில் வந்தது. மீதி 31-க்கு அலைந்து பேரம் பேசுவதில் பயனில்லை.

முதலில் வந்த ஒரு வியாபாரி .22-கள் எல்லாவற்றுக்கும் தலைக்கு ஒரே விலை சொன்னார். அதில் ஒன்று வின்செஸ்டர் மாடல் 52, மேலே நீளமான உனெர்டல் இலக்கு ஸ்கோப். அந்த ஸ்கோப்பைத் தேடுகிறவர்கள் தனியாகவே இருக்கிறார்கள். தலைக்கு ஒரு விலை என்று யாராவது சொன்னால், குவியலில் எதையோ பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். மாடல் 52 கடைசியில் இலக்குச் சுடும் அக்கா மகனிடம் ஸ்கோப்போடு போனது.

நான்கு மொசின்களை ஒரே நேரத்தில் விற்கவில்லை. ஒன்றின் விலையை இன்னொன்று கெடுக்கும். எதையும் மெருகேற்றவோ மறுபூச்சு பூசவோ விடவில்லை. இரண்டு துப்பாக்கிகளின் கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்க அவர் எல்லாம் தயாராக வைத்திருந்தார். அசல் தேய்மானம் நேர்மையானது, வாங்குகிறவர் அதற்குத்தான் பணம் தருகிறார். எண்ணெய் போட்டுத் துடைத்தோம், அவ்வளவே.

விற்றதோ கொடுத்ததோ, ஒவ்வொரு கைமாற்றமும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி உரிமம், பதிவு எல்லாம் பார்த்தே நடந்தது. குடும்பத்துக்குள் கொடுப்பதற்கும் விலக்கு உண்டு என்று யாரும் தாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. வரிசை எண், தேதி, வாங்கியவரின் உரிம விவரம், ரசீதின் நகல் எல்லாம் ஒரு கோப்பில்.

பிறகு

பைத்தனைப் பற்றி அவர் பேச்சே எடுப்பதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பது சாவேஜ் 99 பற்றி. .300 சாவேஜ் தோட்டாவுக்கான லீவர் (நெம்புகோலால் இயங்கும்) ரைஃபிள். சுழலும் மேகசின், ரிசீவரின் இடப்பக்கத்தில் சின்ன ஜன்னலில் இன்னும் எத்தனை தோட்டா உள்ளே என்று எண் தெரியும். அந்தத் தோட்டா வகைக்கு அது ஒன்றுதான் என்று விதியின் முதல் பாதியை மட்டும் கறாராகப் பிடித்து விற்றார். அது போக வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். இரண்டு கேள்வியிலும் தேறிய துப்பாக்கி, இலையுதிர் காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் வெளியே எடுத்தது. தோட்டாக் கணக்கு குவியலைக் குறைக்க வந்த விதி. பயன்படுத்துகிற துப்பாக்கியிடம் அது பேசக் கூடாது. வாங்கியவர் விற்கும் எண்ணத்தில் இல்லை.

தங்கிய 23-க்கும் தலா ஓர் அட்டை எழுதியாகிவிட்டது. என்ன துப்பாக்கி, என்ன குறை, யாரிடம் காட்டி மதிப்பிடலாம், எந்த வழியில் விற்றால் நல்லது என்று. மகள் சுடுவதில்லை. என்றைக்காவது அந்தப் பெட்டகத்தைத் திறக்க வேண்டி வந்தால், ஆறு ஸ்வீடிஷ் ரைஃபிள்களையும் நோட்டோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று அட்டையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. இன்னும் தீராதது, விற்ற வகைகளுக்கான உதிரித் தோட்டாக்கள். ஒன்றிரண்டு பெட்டிகளில் லேபிளே இல்லை. அவற்றை என்ன செய்வது என்று உள்ளூர் விதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.